சுடர் சாயாத காலை

ரிஃபைனரிச் சுடர் நேராக நிற்கிறது.
எங்களுக்கு அதுதான் காற்றுமானி.
தெற்கே குனிந்தால் சடையங்குப்பத்து வீடுகள்,
கிழக்கே குனிந்தால் கால்வாய்,
குனியாவிட்டால் அடிக்கலாம்
என்றான் டில்லிபாபு.

மணி ஆறரை. நைட் ஷிப்ட் முடிந்து நேரே வந்தேன்.
கன்டெய்னர் யார்டின் கிரீஸ் இன்னும் நகக்கண்ணில்.
அரை ஏக்கர், மூன்று வருஷக் குத்தகை.
எஸ்தர்ராணியின் வளையல் இரண்டு அதில் இருக்கிறது.
அமுக்கரா போடப்போகிறோம்.
வேரை எடுத்துக்கொள்வதாக
பாரிமுனை நாட்டுமருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார்கள்.
வாயால்தான்.

போர் தண்ணீர் உப்பு.
உப்பில் கலந்தால் களைக்கொல்லி வேலை செய்யாது
என்றார் மாதவரத்தில் விற்றவர்.
பில் கேட்டதற்குச் சிரித்தார்.
ஆகவே கேன் தண்ணீர்,
முப்பத்தைந்து ரூபாய் மேனிக்கு நான்கு.
"நாம குடிக்கிறத கோரைக்கு ஊத்துறோம்"
என்றாள் எஸ்தர்.
யாரும் சிரிக்கவில்லை.
அவள் தெருவுக்கு நேற்றும் லாரி வரவில்லை.

தெளிப்பான் முதுகில் ஏறியதும்
குழந்தை மாதிரிதான் கனக்கிறது.
இடுப்புப் பக்கம் கொஞ்சம் ஒழுகுகிறது,
அதிலும் குழந்தை மாதிரிதான்.

பார்த்தீனியம். சரி.
கோரை. சரி, சரி.
குப்பைமேனி.
போன வருஷம் தம்பி மகளின் சிரங்குக்கு
இதைத்தானே மஞ்சள் வைத்து அரைத்தோம்.
குழல்முனை ஒரு கணம் நின்றது,
பிறகு நகர்ந்தது.
மூக்கிரட்டை, கீழாநெல்லி,
சாம்பல் படிந்த இலையோடு பெயர் தெரியாத இன்னொன்று.
மருந்துச்செடி போடுவதற்காக
மருந்துச்செடிகளுக்கு மருந்து அடிக்கிறேன்.
எங்கள் பக்கம்
'மருந்து குடிச்சிட்டான்' என்றால்
என்ன நோய்க்கு என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது கேனோடு நிலம் முடிந்தது.
சோப்புப் போட்டு இரண்டு முறை குளித்தும்
சாப்பாட்டில் கை வைக்கத் தயக்கமாக இருந்தது.

ஆறாம் நாள் போனபோது
எல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.
சுவரோரம் எஸ்தர் குந்தியிருந்தாள்.
சாம்பல் இலைச் செடி, அந்தப் பெயர் தெரியாதது,
தலை தொங்கி நின்றது.
காய்ந்த தோலுக்குள் சிவப்பாக ஒரு பழம்.
அவள் பையிலிருந்து விதைப் பாக்கெட்டை எடுத்தாள்.
அதன்மேல் அச்சடித்திருந்த படத்தில்
காய்ந்த தோல்,
உள்ளே சிவப்பாக ஒரு பழம்.

இந்த மண்ணில் வருமா என்று கேட்க
அறுநூறு ரூபாய் கட்டி
ஒரு டப்பா மண்ணை அனுப்பியிருந்தோம்.
பதில் இன்னும் வரவில்லை.
இது யாரையும் கேட்கவில்லை.
அனல்மின் நிலையச் சாம்பலில், உப்பில்,
தண்ணீர் லாரி எட்டிப்பார்க்காத மூலையில்
பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது,
நான் குழலை நீட்டும்வரை.

"நமக்கே தெர்ல, மருந்துக்கு எப்டி தெரியும்"
என்றான் டில்லி.
பிடுங்கி வேரை முகர்ந்தான், எனக்கும் நீட்டினான்.
குதிரை வாடை என்பார்கள்.
நான் குதிரையைப் பக்கத்தில் பார்த்ததில்லை.
வியர்வையில் ஊறிய பெல்ட் மாதிரி இருந்தது.
உதிர்ந்த பழங்களை எஸ்தர் பொறுக்கி முடிந்துகொண்டாள்.
"மொளைக்குமா?"
"தெரியாது."

பதினைந்தாம் நாள் விதைக்கப் போனோம்.
பார்த்தீனியம் மடங்கிக் கிடந்தது.
கோரை மட்டும், ரேஷன் கடைக்கு வந்தவர்களைப் போல,
எங்களுக்கு முன்பே வந்து
பச்சையாக, ஊசி ஊசியாக
வரிசையில் நின்றது.

டில்லி கண்ணைச் சுருக்கிச்
சுடரைப் பார்த்தான்.
"காத்து இல்ல. இன்னொரு தபா அடிச்சிடலாமா?"

எஸ்தர் பதில் சொல்லவில்லை.
பிரிக்காத நாலாவது கேனை
இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு
பாதி தூரம் போயிருந்தாள்,
வீட்டுப் பக்கமாக.